பூசத்துக்குத் திரும்பிய கடிகாரம்

"அக்கா, நேரம் உன்ற கையிலதான இருக்குது? கொஞ்சம் பின்னால தள்ளிப் போடேன்."

பிரசவ அறையிலிருந்து தங்கை மித்ரா தொலைபேசியில் இப்படிக் கேட்டதும் எழிலரசி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். முதுகுத்தண்டில் மாட்டிய பம்பு மணிக்கொரு தரம் வலி குறைக்கும் மருந்தை ஏற்றிக்கொண்டிருந்ததால் மித்ராவின் குரலில் வலி இல்லை. பயம்தான் இருந்தது.

"என்னடி பேசற? விளையாட்டா?"

"பூசம் முடியப் போகுதுக்கா. டாக்டரம்மா நிதானமா வரட்டும்ங்கறாங்க. நிதானமா வந்தா ஆயில்யம் வந்துருமே!"

"ஆபரேசன் பண்ணச் சொல்லிக் கேட்டியா?"

"கேக்காம இருப்பனா? நல்ல நேரம் பாத்து வயித்தக் கிழிச்சா லைசென்ஸ் போயிரும்னு கையெடுத்துக் கும்புடறாங்க. நீதான்க்கா ஏதாச்சும் பண்ணோணும்." கொஞ்சம் நிறுத்திவிட்டு மித்ரா சொன்னாள்: "பொண்ணாப் போயிட்டா உன்ற மாதிரி என்ற புள்ள நிக்கக் கூடாது."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது.

"தப்பா எடுத்துக்காதக்கா."

"இல்ல, எடுத்துக்கல," என்றாள் எழிலரசி. எடுத்துக்கொள்ள அதில் தப்பாக என்ன இருக்கிறது? சொன்னது அத்தனையும் உண்மை.

ஒரு காலத்தில் நம் பக்கத்து ஜாதகங்களெல்லாம் தங்கம். ஜோசியருக்கு இரக்கமும் இருந்தது, கையில் பேனாவும் இருந்தது. ஆகாத நட்சத்திரத்தில் பெண் பிறந்தால் பெற்றவர்கள் போய் அழுவார்கள், அவரும் போனால் போகிறது என்று பிறந்த நேரத்தைக் கொஞ்சம் நகர்த்தி எழுதிக் கொடுப்பார். கல்யாணம் ஆகும், பிள்ளை குட்டி பிறக்கும், மாமியார்க்காரி தொண்ணூறு வயது வரை திடகாத்திரமாக இருந்து மருமகளைப் படுத்தி எடுப்பாள். யாருக்கும் ஒரு குறையும் வரவில்லை.

பிறப்பு முத்திரை வந்தபிறகு அந்தக் கதையெல்லாம் முடிந்துபோனது. தொப்புள்கொடியில் மாட்டும் கவ்வி 'க்ளிக்' என்று பூட்டிய நொடியிலேயே பிறந்த நேரம் அரசாங்கப் பதிவேட்டுக்குப் போய்விடும். அதை டாக்டர் மாற்ற முடியாது, கலெக்டர் மாற்ற முடியாது. குழந்தை திருட்டைத் தடுக்கத்தான் கொண்டுவந்தார்கள், நல்ல எண்ணம்தான். ஆனால் வரன் பார்க்கும் இயந்திரங்கள் அந்த முத்திரையை நேராகவே படிக்கப் பழகிக்கொண்டன. ஆயில்யத்துப் பெண் மாமியாருக்கு ஆகாது என்று ஊருக்குள் ஒரு பேச்சு உண்டல்லவா? அந்தப் பேச்சையும் யாரோ ஒரு புண்ணியவான் இயந்திரத்துக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டான். அம்மா உயிரோடு இருக்கும் பையன் வீட்டுக்கு ஆயில்யத்துப் பெண்ணின் படம்கூடப் போய்ச் சேராது.

எழிலரசி ஆயில்யம். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. ஒரே ஒரு வரன் கனிந்து வந்தது. பையனின் அம்மா படுத்த படுக்கையாக இருந்தார். "கொஞ்ச நாள் பொறுத்துக்குங்க, அம்மாவுக்கு ரொம்ப முடியல" என்று பையன் வீட்டில் நாசூக்காகச் சொல்லியனுப்பினார்கள். என்னத்துக்குப் பொறுக்கச் சொல்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. கடைசியில் அந்த அம்மாள் பிழைத்துக்கொண்டார். கல்யாணம் நின்றது. மகராசி நன்றாக இருக்கட்டும். ஆனால் அவர் எப்போது சாவார் என்று தானும் உள்ளுக்குள் காத்திருந்ததை எழிலரசியால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

சரி, நேரம் எப்படி எழிலரசியின் கைக்கு வந்தது? கோவை பொன்னூஞ்சல் மருத்துவமனையில் அவள்தான் நெட்வொர்க் பொறியாளர். அங்கே எந்த இயந்திரமும் வெளியுலகத்தோடு நேரடியாகப் பேசக் கூடாது. வாசலில் ஒரு ஃபயர்வால் காவல் நிற்கிறது. லினக்ஸ் ஓடும் ஒரு கறுப்புப் பெட்டி, அவ்வளவுதான். வெளியே இருக்கும் நேரச் சர்வர்களிடம் அது மட்டும் போய் மணி என்ன என்று கேட்கும். கேட்டதை உள்ளே இருக்கும் அத்தனை இயந்திரங்களுக்கும் சொல்லும். சுவர்க் கடிகாரம், மருந்து பம்பு, தொப்புள்கொடிக் கவ்வி என்று எல்லாம் அது சொல்வதையே வேதவாக்காக எடுத்துக்கொள்ளும். "எங்க ஆசுபத்திரில சூரியன் உதிக்கறதே என்னைக் கேட்டுத்தான்" என்று எழிலரசி ஒருநாள் சாப்பிடும்போது தங்கையிடம் பீற்றிக்கொண்டாள். அந்தப் பீற்றல் இப்படி வந்து விடியும் என்று யார் கண்டது?

தொலைபேசியை வைத்துவிட்டுத் தனக்குத்தானே 'முடியாது' என்று சொல்லிக்கொண்டாள். பக்கத்து மேசையில் ஹமீது இருந்தார். அவளோடு பல வருடமாக வேலை பார்ப்பவர், வெடுக்கென்று பேசினாலும் நல்ல மனிதர்.

"ஏனுங்க ஹமீது, கடிகாரம் சும்மா ஒரு பேச்சுக்கு இருபது நிமிசம் முன்னால ஓடிருச்சுன்னு வெச்சுக்குங்க. எப்படிச் சரி பண்ணுவோம்?"

"மெதுவாத்தான். ஒவ்வொரு நொடியையும் துளித்துளி நீட்டி, நாள்கணக்குல இழுத்துக் கொண்டாரணும். இன்னைக்கு என்ன புதுசாக் கேக்கறீங்க?"

"ஒரேயடியாப் பின்னால தள்ளுனா?"

"போன மணி திரும்பி வரும்ல? உள்ளுக்க இருக்கற மிசினுக்கெல்லாம் புத்தி பேதலிச்சுப் போயிரும்." ஹமீது சிரித்தபடி எழுந்தார். "நமக்கே பேதலிக்குது, டீ குடிச்சாத்தான் சரியாகும். வர்றீங்களா?"

அவள் வரவில்லை என்றாள்.

பன்னிரண்டு மணிக்குச் சற்று முன்பு பூசம் முடிந்தது. எழிலரசி சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். மணி பன்னிரண்டு தாண்டியதும் மித்ராவிடமிருந்து செய்தி வந்தது. 'தலை தெரியுதாம். எல்லாம் போச்சுக்கா. போச்சு.'

எழிலரசிக்கு அந்தக் குழந்தை கண்ணுக்குத் தெரிந்தது. பிறந்த சிசுவாக இல்லை, நாற்பது வயதுப் பெண்ணாக. கல்யாண வீடுகளில் நல்ல காரியத்துக்குக் கூப்பிடும்போது மட்டும் ஒதுங்கி நிற்கும் பெண். எவளோ ஒருத்தி எப்போது சாவாள் என்று காத்திருக்கும் பெண். ஐயோ, அது மட்டும் வேண்டாம். விரல் விசைப்பலகைக்குப் போய்விட்டது.

ஃபயர்வாலில் நேரத்தைப் பார்த்துக்கொள்ளும் நிரலைத் திறந்தாள். வெளிச் சர்வர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக அடைத்தாள். இனி நீ சொல்வதுதான் நேரம் என்று ஒரு வரி எழுதினாள். கடைசியாகக் கடிகாரத்தை இருபது நிமிடம் பின்னால் குதிக்கச் சொன்னாள். 'நேரம் பின்னோக்கிப் போகும், தொடரலாமா?' என்று பெட்டி கேட்டது. 'ஆம்' என்று தட்டிவிட்டாள்.

சத்தம் எதுவும் இல்லை. சுவரில் பன்னிரண்டு ஆறு இருந்த இடத்தில் பதினொன்று நாற்பத்தாறு வந்து நின்றது. தாழ்வாரத்தில் யாரோ சிரித்துக்கொண்டே போனார்கள். இவ்வளவு பெரிய காரியம் நடந்தும் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லையே என்று அவள் கதவையே பார்த்தாள்.

சில நிமிடங்களில் மித்ராவின் கணவன் சிபி கூப்பிட்டான். அழுகையும் சிரிப்புமாகப் பேசினான். "அக்கா, பொண்ணுங்க! பூசங்க! முத்திரையில பூசம்னே விழுந்துருச்சுங்க! எப்படீன்னே தெரியல, இங்க கடிகாரம் பாத்துட்டேதான் இருந்தோம், என்ற கண்ணுதான் ஏமாத்திருச்சாட்ட இருக்குது!"

"மித்ரா எப்படி இருக்கறா?"

"நல்லா இருக்கறாங்க. தையல் போடணும்னு மருந்து பம்பை மட்டும் இன்னும் கழட்டலைங்க. சிரிக்கறாங்கக்கா, பாத்து எத்தன நாளாச்சு!"

எழிலரசி மேசையில் தலை கவிழ்ந்து நிம்மதியாக அழுதாள். வாழ்க்கையிலேயே ஒரு நல்ல காரியம் செய்துவிட்டோம் என்று அப்போது அவளுக்குத் தோன்றியது.

ஹமீது டீயை முடித்துவிட்டு உள்ளே வந்தார். சுவரைப் பார்த்தார், தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி சுவரைப் பார்த்தார்.

"என்ன மேடம் இது? என்ற வாட்ச்சுல பன்னண்டு பதிமூணு, இங்க பன்னண்டே ஆகலையே?"

எழிலரசி கண்ணைத் துடைத்தாள். ஹமீது அவள் திரையை எட்டிப் பார்த்தார்.

"பண்ணிப் போட்டீங்களா? பம்பு என்னாகறது?"

"எந்தப் பம்பு?"

"எல்லாப் பம்பும்தான்! பன்னண்டு மணி மருந்து அப்பவே ஏறிருச்சு. இப்ப மறுபடி பன்னண்டு மணி வரப்போகுது. மறுபடி ஏத்தும், ரெட்டிப்பு மருந்துல மூச்சே நின்னுரும். மணி அடிச்சா மருந்து, அதுக்கு அவ்வளவுதான் தெரியும்!"

"இப்பவே முன்னால தள்ளிர்றேன்."

"தொடாதீங்க!" ஹமீது அவள் கையைத் தட்டிவிட்டார். "முன்னால குதிச்சா, நடுவுல பன்னண்டு மணிய விட்டுட்டமேன்னு பம்பு பதறும். விட்டுப்போன மருந்துன்னு நெனச்சு அந்த நிமிசமே ஏத்தும். எப்படித் திருப்புனாலும் ரெண்டாவது தரம் ஏறும்."

"நேரத்தையே நிறுத்திட்டா?"

"நேரம் கெடைக்கலைன்னா எல்லாப் பம்பும் நின்னுபோகும். ரத்த அழுத்த மருந்துல உசிரப் புடிச்சுட்டு ஐ.சி.யூ.வுல கெடக்கறவங்க கதி?"

சுவரில் பதினொன்று ஐம்பத்து நான்கு. மணிக்கொரு தரம் மருந்து ஏற்றும் பம்புகளை ஆட்கள் போய்க் கையால் மூட வேண்டும், வேறு வழியே இல்லை.

"நான் ஐ.சி.யூ.வுக்கு ஓடறேன். நீங்க வார்டுகளுக்கெல்லாம் போன் பண்ணிச் சொல்லுங்க. நேரம் தப்புன்னு சொல்லுங்க மேடம், அப்பத்தான் மூடுவாங்க!" என்று கத்திக்கொண்டே ஹமீது ஓடினார்.

எழிலரசி ஒவ்வொரு வார்டாகக் கூப்பிட்டாள். கடிகாரம் பிசகிவிட்டது, பன்னிரண்டு மணி மருந்து இரண்டாம் தரம் ஏறும், உடனே மூடுங்கள் என்றாள். கேட்டவர்கள் அலறியடித்துக்கொண்டு மூடினார்கள். கடைசியாகப் பிரசவ வார்டு, அங்கே பம்பில் இருந்தவள் மித்ரா மட்டும்தான். கூப்பிடும்போதே அவள் விரல் தயங்கியது. மற்ற இடத்தில் சொன்னதை அங்கேயும் சொன்னால், கடிகாரம் பிசகிய நேரத்தில் பிறந்த குழந்தையின் முத்திரை என்னவாகும்? யாராவது ஒருவர் கூட்டிக் கழித்துப் பார்த்தால் போதாதா?

"பிளெஸ்ஸி சிஸ்டர்தான் பேசறேன். சொல்லுங்கக்கா, பெரியம்மா ஆயிட்டீங்க, சுவீட் எங்க?"

"சிஸ்டர், மித்ராவோட முதுகுப் பம்பைக் கொஞ்சம் கையால மூடிருங்க."

"ஏன்க்கா? டாக்டர் இப்பத்தான் தையல் போடறாங்க. மூடுனா வலிக்குமே. என்ன காரணம்?"

காரணம் நாக்கு நுனிவரைக்கும் வந்தது. எழிலரசி அதை விழுங்கினாள்.

"ஒண்ணுமில்ல. சின்னதா ஒரு செக்கிங்."

"அவ்வளவுதானா? அப்ப தையல் முடிஞ்சதும் மூடிர்றேன்." பிளெஸ்ஸி வைத்துவிட்டாள்.

எழிலரசி திரும்பக் கூப்பிட்டாள். யாரும் எடுக்கவில்லை. எழுந்து ஓடினாள். லிஃப்ட் வரவில்லை. படிகளில் விழுந்து எழுந்து ஓடினாள். கடவுளே, எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன், பூசம் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், ஒரு நிமிடம் மட்டும் கொடு என்று வாய்விட்டுக் கெஞ்சிக்கொண்டே ஓடினாள். பிரசவ வார்டின் வாசலில் தொங்கிய கடிகாரம் பன்னிரண்டு தாண்டிவிட்டிருந்தது.

உள்ளே எல்லோரும் சந்தோசமாக இருந்தார்கள். பிளெஸ்ஸி குழந்தையைத் துணியில் சுற்றி எடை பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் கையுறையைக் கழற்றியபடி சிபியிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். திரைக்கு அப்பால் மித்ரா கண்மூடிக் கிடந்தாள்.

"மெதுவாப் பேசுங்கக்கா," என்றான் சிபி. "அசதி. இப்பத்தான் கண் அசந்தாங்க."

எழிலரசி தங்கையின் மூக்கருகே விரலை வைத்தாள். பிறகு அவள் போட்ட கூச்சல் கீழ்த்தளம் வரை கேட்டதாம். டாக்டர் ஓடிவந்தார், மார்பை அழுத்தினார்கள், குழாய் சொருகினார்கள். இதயம் திரும்ப ஓடியது. மித்ரா திரும்பவில்லை. இரண்டு நாள் இயந்திரம் மூச்சு விட்டது, மூன்றாம் நாள் காலையில் அதையும் நிறுத்தினார்கள்.

பம்பில் கோளாறு என்று மருத்துவமனை சொன்னது. மற்ற வார்டுகளில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. "நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன் மேடம், நீங்களேதான் சொல்லணும்," என்று சொல்லிவிட்டு ஹமீது விடுப்பில் போய்விட்டார்.

குழந்தை பிறந்த அன்றைக்கே சிபியின் கைபேசிக்குப் பதிவேட்டிலிருந்து ஒரு செய்தி வந்தது. அனுப்பிய நேரமும் வந்து சேர்ந்த நேரமும் பொருந்தவில்லை, ஆகவே பிறப்பு முத்திரை தானாகவே திருத்தப்பட்டது. நட்சத்திரம்: ஆயில்யம். எழிலரசி அதை வாங்கிப் படித்தாள். ஃபயர்வாலுக்கு இந்தப் பக்கத்து நேரம்தானே அவள் கையில்? அந்தப் பக்கத்தில் ஊர் உலகத்தின் நேரம் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. வருடக்கணக்காக அந்த வாசலைக் காத்தவள், வாசலுக்கு இரண்டு பக்கம் உண்டு என்பதை மறந்தேபோனாள். ஆக, எல்லாமே வீண்.

மின்மயானத்தின் கூடத்தில் உறவுக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். எழிலரசி தூணருகே நின்றாள். குழந்தை ஓரமாக ஒரு பெஞ்சில் துணிக்கூடையில் கிடந்து வீறிட்டது. பால் புட்டியை வைத்திருந்த பெண்கூட அதைத் தூக்கவில்லை, குனிந்து வாயில் வைத்துவிட்டு விலகிக்கொண்டாள்.

"மாமியாளுக்குத்தான் ஆகாதும்பாங்க. இது பெத்தவளையே முழுங்கிருச்சே," என்றார் சிபியின் பெரியப்பா. அவர் மெதுவாகப் பேசுவதாகத்தான் நினைத்தார்.

சிபி காதில் வாங்காதவன்போலத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். விவசாய ட்ரோன் வடிவமைக்கிற படித்த பையன். மூன்று நாளாக அவனும் மகளைத் தொடவில்லை.

எழிலரசிக்கு அதற்குமேல் தாங்கவில்லை. போலீசுக்குப் போவதென்று அவள் காலையிலேயே முடிவு செய்துவிட்டாள். ஆனால் அதற்கு முன்னால் இந்த மனிதர்கள் அத்தனை பேரும் கேட்கட்டும். அந்தப் பச்சைமண் மேல் இந்தப் பழி ஒரு நிமிடம்கூட இருக்கக் கூடாது.

"மாப்பிள்ளை, கொழந்தையோட நட்சத்திரத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்லீங்க. மித்ராவைக் கொன்னது நான்."

எல்லோரும் திரும்பினார்கள். எழிலரசி எல்லாவற்றையும் சொன்னாள். தங்கை கெஞ்சியதையும், கடிகாரத்தைத் தள்ளியதையும், பம்பு இரண்டாம் தரம் ஏற்றியதையும் சொன்னாள். பிளெஸ்ஸி காரணம் கேட்டபோது பூசத்தைக் காப்பாற்றுவதற்காகப் பொய் சொன்னதையும் மறைக்கவில்லை. எந்த இயந்திரம் எதற்காக என்ன செய்தது என்று புரியும்படி சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று சிபி முன்னால் போய் நின்றாள்.

சிபி அடிக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தான். அவன் கண்ணில் கோபம் இருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவன் ஓர் அடி பின்னால் தள்ளி நின்றான்.

"நீங்களும் ஆயில்யம்தானுங்களே அக்கா," என்றான்.

பெரியப்பா தலையை மெல்ல ஆட்டினார். அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராகத் தலையாட்டினார்கள். ஆயில்யம் மாமியாரை விட்டுப் பெற்றவளை ஏன் எடுத்தது என்று மூன்று நாளாக விளங்காமல் இருந்தது அவர்களுக்கு இப்போது நன்றாக விளங்கிவிட்டது. பால் புட்டி வைத்திருந்த பெண் துணிக்கூடையை இரண்டு கையாலும் எட்டப் பிடித்துத் தூக்கிவந்து, எழிலரசியின் காலடியில் வைத்துவிட்டு நகர்ந்தாள்.